பல் கம்பி குத்தினால், பிராக்கெட் கழன்றால்…

என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கம்பி போட்டு மூன்று மாதம் ஆகிறது. கடைவாயில் கம்பி முனை குத்திக் கன்னம் புண்ணாகிவிட்டது. தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்த்துவர ஒரு நாள் முழுக்க ஆகிறது. அதுவரை என்ன செய்வது?
– வாசகி, வேதாரண்யம்

நெருக்கியடித்து நிற்கும் பற்கள் வரிசைக்கு வர வர, மிச்சமாகும் கம்பி கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வெளியே தள்ளும். ஆரம்ப மாதங்களில் இது சகஜம்.

மருந்துக்கடையில் 'ஆர்த்தோ வேக்ஸ்' (பல் கம்பிக்கான மெழுகு) என்று கேளுங்கள். குத்தும் இடத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். எச்சில் இருந்தால் மெழுகு ஒட்டாது, பலரும் தவறுவது இங்கேதான். பட்டாணி அளவு மெழுகை உருட்டிக் கம்பி முனைமேல் அழுத்துங்கள். சாப்பிடுமுன் எடுத்துவிட்டு, பல் துலக்கியபின் புதிதாக வையுங்கள். தவறி விழுங்கினால் பயமில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளித்தால் புண் ஆறும்.

பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு துண்டு) கழன்றால் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் வளையம் அதைக் கம்பியோடு பிடித்திருக்கும். உறுத்தினால் மெழுகு வையுங்கள். பசை போட்டு ஒட்டவே கூடாது. ஆனால் அடுத்த தேதி வரட்டும் என்றும் இருக்காதீர்கள். அந்தப் பல்லை நகர்த்தும் விசை அன்றோடு நின்றுவிடும், வந்த வழியே திரும்பவும் செய்யும். அன்றே போன் செய்து எந்தப் பல் என்று சொல்லுங்கள். எப்போது வரவேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ பஸ் தூரம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்.

பொங்கலுக்குக் கரும்பு தின்னலாமா? சாம்பார் சாப்பிட்டால் ரப்பர் மஞ்சளாகிவிடுகிறதே?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

கரும்பைக் கடிக்கவே வேண்டாம். தோல் சீவித் துண்டு போட்டாலும் நார் கம்பியில் சிக்கி இழுக்கும். சீடை, முறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் பிராக்கெட்டைக் கழற்றுபவை. கொய்யாவை மெல்லிய வில்லையாக நறுக்கிக் கடைவாயில் மெல்லுங்கள். சர்க்கரைப் பொங்கல் தாராளமாகச் சாப்பிடலாம். உடனே வாய் கொப்பளித்துப் பல் துலக்க வேண்டும்.

மஞ்சள் கறை ரப்பரில்தான், பல்லில் இல்லை. மாதாந்திர சந்திப்பில் ரப்பரை மாற்றும்போது நிறமில்லாததற்குப் பதில் சாம்பல் அல்லது கருநீலம் கேளுங்கள்.

நான் கவலைப்படுவது மஞ்சளைப் பற்றியல்ல, வெள்ளையைப் பற்றி. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் சில வாரங்களிலேயே எனாமலில் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்திட்டு விழும். கம்பியைக் கழற்றிய பிறகும் போகாமல் நிற்கலாம். பிரஷ்ஷைச் சாய்த்து பிராக்கெட்டுக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, கம்பிக்கு அடியில் பல்லிடுக்கு பிரஷ் என்று இரவில் ஐந்து நிமிடமாவது செலவிடுங்கள். பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கட்டும்.

கம்பி எடுத்து எட்டு மாதம். ரிடெய்னரை இரண்டு மாதம் போடவில்லை. இப்போது இறுக்கமாக இருக்கிறது.
– வாசகர், திருவாரூர்

கம்பி எடுத்தபின் பற்கள் நகராமல் பிடித்து வைப்பதுதான் ரிடெய்னர். அது முழுமையாகப் பொருந்தி, இறுக்கம் மட்டும் இருந்தால் இன்றே போடத் தொடங்கி டாக்டரிடம் காட்டுங்கள். பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்காதீர்கள், புதிது செய்யவேண்டியிருக்கும். பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டுகூட ஆகும். அதுவரை பழைய இடத்துக்கே இழுக்கும்.

குளிர்ந்த நீரில் மட்டும் கழுவுங்கள், வெந்நீரில் வளைந்துவிடும். கல்யாணப் பந்தியில் கழற்றி இலை ஓரத்தில் வைக்காதீர்கள். இலையோடு மடித்து எடுத்துப் போய்விடுவார்கள்.