மொழிப்பாட ஆசிரியர்களிடம் மாணவர்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் நடந்ததையெல்லாம் இங்கே வந்துதான் கொட்டுவார்கள், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கண்டிப்பான ஆசிரியரைப் பிடிக்காது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். "எங்க ஐயா பயங்கர ஸ்ட்ரிக்ட்" என்று பெருமையடிக்கிற பையன்களே உண்டு. அவர்களால் பொறுக்க முடியாதது, எழுதியதைப் படிக்காமலேயே மார்க் போடுவதுதான். ஒரு பெண் தமிழ் நெடுவினாவில், குறிப்புச் சட்டகத்தில் கொடுத்திருந்த தலைப்புகளுக்குக் கீழே தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தாள்; மீன் ஏலம் எப்படி நடக்கும், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் யார் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள் என்றெல்லாம் அவ்வளவு அழகாக. 8க்கு 4 மார்க், ஓரத்தில் சிவப்பு மையில் "மேற்கோள் இல்லை". கைடில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தவனுக்கு 7. அப்புறம் அவளும் கைடுக்கு மாறிவிட்டாள், நான் சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்தது கேலி. ஆங்கில வகுப்பில் ஒருவன் 'வெட்னெஸ்டே' என்று வாசித்து வகுப்பே சிரிக்கும்போது மிஸ்ஸும் சேர்ந்து சிரித்துவிட்டால் போச்சு, அந்த வருஷம் முழுக்க அவன் வாயைத் திறக்க மாட்டான்.

பிடித்தது என்றால், ஒரு தமிழ் ஐயாவைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், என்றாலே ஓடுகிற பிள்ளைகள் அவர் வகுப்பில் மட்டும் குறளைப் போட்டி போட்டு அலகிடுவார்களாம்; சீர் சீராகப் பிரித்து அசையும் வாய்பாடும் சொல்வதுதான் அது. ஒரு வரிசை 'கற்க' என்றால் அடுத்த வரிசை 'நேர் நேர் தேமா', 'கசடறக்' என்றால் 'நிரை நிரை கருவிளம்', இப்படியே போய்க் கடைசிச் சீர் 'தக' வந்ததும் மொத்த வகுப்பும் 'மலர்' என்று கத்த வேண்டும், பக்கத்து வகுப்பு சார் வந்து திட்டும்வரை. கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்பாராம், மறுநாள் மறக்காமல் சொல்லியும் விடுவாராம். இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பேன்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முன்பு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இருந்ததெல்லாம் இப்போது ஒரே தாள், 100 மார்க். அந்த ஒரே தாளில் தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியர் அவர்களைத்தான் கேட்பார்.

கையெழுத்துக்கு மார்க் குறைப்பதைப் பற்றியும் நிறையப் புலம்புவார்கள். அதில் மட்டும் நான் பிள்ளைகள் பக்கம் இல்லை. சில பேப்பரில் அது 'ர'வா துணைக்காலா என்று எனக்கே தெரிவதில்லை.