ஊரடங்கில் மூடிய வங்கிக் கிளை: என்னைக் கேட்காமல் லாக்கரை இடம் மாற்றலாமா?

கேள்வி: நான் 73 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் கிராமத்தில் இருந்த ஒரே பொதுத்துறை வங்கிக் கிளை, ஊழியர்களுக்குத் தொற்று என்று ஷட்டரில் ஒரு தாளை ஒட்டி, 2020 ஜூலையில் மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை. 14 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிளையுடன் இணைத்துவிட்டதாகவும், என் லாக்கரும் அங்கே போய்விட்டதாகவும், பாஸ்புக் பதியப் போன என் மருமகளிடம் சென்ற மாதம், அதாவது 2022 மார்ச்சில், கூறியிருக்கிறார்கள். எனக்குக் கடிதமோ குறுஞ்செய்தியோ வரவில்லை. லாக்கர் வாடகையை மட்டும் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தை வீட்டில் வந்து தரும்படி கேட்டால் அந்த வசதி இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்வது? – வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: அம்மா, தொற்று பரவிய நாள்களில் ஒரு கிளையைச் சில காலம் மூடி வைத்ததற்காக வங்கியைக் குறை சொல்ல முடியாது, அந்த வாதத்தை எந்த மன்றமும் ஏற்காது. ஆனால் தற்காலிகமாக மூடிய கிளையை நிரந்தரமாக மூடுவதென முடிவெடுத்த நாளிலிருந்து நிலைமை வேறு. கிளையை மூடும் முன்பே வாடிக்கையாளருக்கு உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும், கிராமக் கிளையை மூடுவதற்கு மாவட்ட அளவிலான ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். அந்த ஒப்புதல் பெறப்பட்டதா, எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் அந்த வங்கியிடமே கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

தங்கள் வழக்கின் உயிர்நாடி லாக்கர்தான். அமிதாப தாஸ்குப்தா எதிர் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உள்ளே என்ன இருக்கிறது என்பது தனக்குத் தெரியாது என்று சொல்லி வங்கி கைகழுவ முடியாது என்றும், லாக்கரைப் பேணுவதில் உரிய கவனம் செலுத்துவது வங்கியின் தனிக் கடமை என்றும் கூறி, முன்னறிவிப்பின்றி லாக்கரை உடைத்த வங்கி 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி, கிளை இணைப்பாலோ மூடலாலோ லாக்கரை இடம் மாற்ற நேர்ந்தால், வட்டார மொழி நாளிதழ் ஒன்று உட்பட இரண்டு நாளிதழ்களில் அறிவிப்புத் தருவதுடன், வாடிக்கையாளருக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவித்து, லாக்கரைத் திருப்பி ஒப்படைக்கும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். அவசர நிலையில் நேர்ந்த மாற்றமென்றாலும், கூடிய விரைவில் தெரிவிக்க முயல வேண்டும். இந்த நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன, தங்கள் லாக்கர் அதற்கு முன்பே நகர்த்தப்பட்டிருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. வங்கியின் வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். ஆனாலும் மேற்சொன்ன தீர்ப்பு பழைய விதிகளின் காலத்து நிகழ்வு ஒன்றைப் பற்றியதே. மேலும், வாடகை பிடிக்கத் தங்கள் கணக்கைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்குத் தகவல் சொல்ல முகவரி கிடைக்கவில்லை என்பது எடுபடாது. வாடகை பிடித்த பாஸ்புக் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்: புதிய கிளையில் லாக்கரை முதன்முறை திறக்கும்போது தனியே திறக்காதீர்கள். பெட்டகம் எந்தத் தேதியில், யார் முன்னிலையில் நகர்த்தப்பட்டது என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு மேலாளரையும் நம்பகமான இரண்டு சாட்சிகளையும் வைத்துக்கொண்டு திறந்து, உள்ளே இருப்பதை வளையல் எத்தனை, சங்கிலி எத்தனை என்று ஒவ்வொன்றாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மேலாளர் கையெழுத்திட மறுத்தால், மறுத்ததையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பொருள் குறைந்திருந்தால் அதன் மதிப்பைச் சாட்சியங்களுடன் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்; அறிவிப்புத் தராத சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையமே போதும்.

வீட்டில் வந்து பணம் தருவதைப் பொறுத்தவரை, 70 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சேவையை வழங்க 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. எந்தக் கிளைகளில் கட்டாயம், எவற்றில் இயன்றவரை என்பதை ஒவ்வொரு வங்கியும் வகுத்துக்கொள்ளலாம் என்பதால், "இல்லை" என்ற வாய்ச்சொல்லை ஏற்காமல் அந்தக் கொள்கையின்படி எழுத்துப்பூர்வமான பதிலைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதி, கிளையில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை பெறுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தபாலில் அனுப்பினால் அது, புகார்களைப் பெறும் ரிசர்வ் வங்கி மையம் உள்ள சண்டிகருக்குப் போகும். அதற்காகத் தயங்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிட்ட பின் அதே குறைக்குக் குறைதீர்ப்பாளரை அணுக முடியாது என்பதால், இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நுகர்வோர் புகாருக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 2020 ஜூலையில் நடந்ததற்கு அது முடியப் போகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை, 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஆணையிட்டுள்ளது. தாங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய வாடகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது.