அப்பா போனை எடுப்பதே இல்லை

கேள்வி (2020 கொரோனா ஊரடங்கின்போது வந்தது): நான் கோவையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மார்ச்சுக்கு அப்புறம் ஊருக்குப் போகவே முடியவில்லை. தினமும் போன் செய்து மாத்திரை போட்டீர்களா, மாஸ்க் போட்டீர்களா என்று கேட்பேன். “ம்”, “ஆச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எவ்வளவு சொல்லியும் டீக்கடைக்குப் போகிறார். போன வாரம் கோபத்தில் கத்திவிட்டேன். அதிலிருந்து என் போனை எடுப்பதே இல்லை. அம்மா எடுத்தாலும் எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்கிறார். வீடியோ காலில் என் ஆறு வயது மகன் பேசினால்கூட இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறார்கள். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கத்தியது பயத்தில்தான் என்று அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் பக்கமிருந்து பாருங்கள். டிவியைப் போட்டால் கொரோனா. யாருக்காவது போன் போட்டால் ரிங் போவதற்கு முன்பே கொரோனா அறிவிப்பு. ஆசையாக மகள் கூப்பிடுகிறாள் என்று எடுத்தால் அங்கேயும் அதே கேள்விகள். ஊரில் நாலு பேருக்கு யோசனை சொல்லி வாழ்ந்தவர், இப்போது தினமும் மகளுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. “ம்” என்பதற்கு மேல் அவர் என்ன சொல்வார்?

இந்த வருஷம் (2020) மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 16ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. பல வருஷங்களுக்கு அப்புறம் குறுவை நெல் சாகுபடிக்குச் சொன்ன தேதியில் தண்ணீர் வந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஒரு விவசாயிக்கு இதைவிடப் பெரிய சேதி இருக்க முடியுமா? நிலம் குத்தகையில் இருந்தாலும் மனசு வரப்பில்தான் இருக்கும். நம் வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா, நடவுக்கு ஆள் கிடைத்ததா இல்லை மிஷின் நடவா, ஏக்கருக்கு என்ன கேட்கிறார்கள், யூரியா தட்டுப்பாடு இல்லையே என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாதீர்கள். நாளைக்கு அதில் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். “நேத்து சொன்னீங்களே, அந்த மதகுத் தகராறு என்னாச்சுப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரை விஷயத்தை அம்மாவிடம் வாரம் ஒருமுறை விசாரித்தால் போதும்.

இப்போது போனை எடுக்காதவரிடம் எப்படி ஆரம்பிப்பது? அம்மா போனில் கூப்பிட்டு, “அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று சொல்லி, போனை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வந்ததும், “அன்னைக்குக் கத்தினது தப்புதான்ப்பா, பயந்துட்டேன்” என்று ஒரே வரி. விளக்கம் வேண்டாம். அப்புறம் நேராகத் தண்ணீர் விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

டீக்கடையைப் பற்றி எனக்கு உங்களிடம் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அவர் அங்கே போவது டீக்காக என்று நினைக்கிறீர்களா? வீட்டில் அம்மா போடாத டீயா? பேச்சுத்துணைக்குப் போகிறார். அதை மொத்தமாகப் பிடுங்கினால் வேறு விதமாக உடம்பு கெடும். கூட்டாளிகள் ஒருவரையோ இருவரையோ சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லலாம். திறந்த இடம், ஆறடி தள்ளி நாற்காலி, முகத்தில் துண்டோ மாஸ்க்கோ. இதை அப்பாவின் நெருங்கிய கூட்டாளியிடமே நீங்கள் பேசி ஏற்பாடு செய்யுங்கள். மகள் சொன்னால் கேட்காதவர் சிநேகிதர் சொன்னால் கேட்பார்.

அம்மாவின் “சரிம்மா” விஷயத்துக்கு வருகிறேன். காது சரியாகக் கேட்கிறதா என்று கவனித்திருக்கிறீர்களா? வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற, உயர்ந்த ஒலிகள். குழந்தைகளின் குரல் அந்த வகைதான். பேரன் போனில் உற்சாகமாகக் கத்தும்போது அவர்களுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. திரும்பத் திரும்ப “என்ன சொன்னே?” என்று கேட்கக் கூச்சப்பட்டு “சரி” என்று முடித்துவிடுவார்கள். டிவியை அணைத்துவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மெதுவாக, சத்தத்தைக் குறைக்காமல், கீச்சென்று இல்லாத கனத்த குரலில் பேசுங்கள். உதடு தெரிந்தால் பாதி புரிந்துவிடும். பையனையும் பேசச் சொல்வதைவிட ஏதாவது காட்டச் சொல்லலாம். அவன் வரைந்த படமோ, விழுந்த பல்லோ போதும்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். இந்த வருஷம் ஆகஸ்ட் 2 ஆடிப்பெருக்கு. கூட்டமாக ஆற்றங்கரைக்குப் போக இந்த முறை வழியில்லை. வீட்டிலேயே குடத்தில் தண்ணீர் வைத்துக் கும்பிடுவது எப்படி, காதோலை கருகமணி கிடைக்காவிட்டால் என்ன செய்வது, சித்திரான்னம் என்னென்ன என்று அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். புளியோதரை கிளறும்போது போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். எண்ணெய் போதாது என்று அங்கிருந்தே திட்டுவார். அந்த அரை மணி நேரத்தில் அவர் நன்றாக இருக்கிறாரா இல்லையா என்பது, நூறு கேள்வி கேட்டாலும் தெரியாத அளவுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, அவசரத்துக்கு. பக்கத்து வீட்டிலோ பங்காளி வீட்டிலோ ஓர் இளவட்டத்திடம் பொறுப்பை ஒப்படையுங்கள். சர்க்கரை மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சின்ன உபாதைக்கு 104இல் ஆலோசனை கேட்கலாம். அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம், அதற்குச் செலவில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று கூரியரில் அனுப்பிவிடுங்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்து, அதில் காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். இந்த 2020 ஊரடங்கில் மாவட்டம் தாண்டுவதற்கான இ-பாஸ் (அரசின் பயண அனுமதி) கல்யாணம், மரணம், மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்குத்தான் கிடைத்தது. அப்பாவின் மருத்துவச் சீட்டு, எல்லோருடைய ஆதார், வண்டி நம்பர் எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.