கடலுக்குள் போன பிரதமர்

கேள்வி: ஒரு நாட்டின் பிரதமரே காணாமல் போய், கடைசிவரை கிடைக்கவே இல்லையாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரால்ட் ஹோல்ட். 1967 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியா மாநிலத்தில் செவியட் கடற்கரை. அன்று அலை முரட்டுத்தனமாக இருந்தது. கூட வந்த நண்பர் ஒருவர் கொஞ்ச ஆழத்திலேயே இழுப்பை உணர்ந்து திரும்பிவிட்டார். ஹோல்ட்டுக்குப் பழகிய கரை, நீந்திக்கொண்டே போனார். சுற்றிலும் நீர் கொந்தளித்தது, அப்புறம் ஆளையே காணோம். முக்குளிப்பவர்கள், ஹெலிகாப்டர்கள், படகுகள் என்று தேடியும் உடல் கிடைக்கவில்லை.

சீன நீர்மூழ்கிக் கப்பல் அவரை ஏற்றிச் சென்றதாக 1983-இல் ஒரு புத்தகம் சொன்னது. எனக்கு அதில் துளி நம்பிக்கையும் இல்லை. அந்தக் கடலில் அந்த அலைக்கு, 59 வயது மனிதர் மூழ்கிப்போக வேறு காரணமே வேண்டாம்.

என்னை வருத்துவது வேறு. உடல் இல்லாவிட்டால் மரண விசாரணை நடத்த அன்றைய விக்டோரியா சட்டத்தில் வழி இல்லை. சட்டம் 1985-இல் மாறியது. தற்செயலாக மூழ்கி இறந்தார் என்ற தீர்ப்பு வந்தது 2005-இல்தான். அவர் மனைவி ஸாரா 1989-லேயே காலமாகிவிட்டார். இவ்வளவு தாமதம் எந்தக் குடும்பத்துக்கும் நேரக் கூடாது.