பொம்மையாகத் தெரியும் எஸ்டி40-2: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன், எஸ்டி40-2 என்ற அமெரிக்க டீசல் இன்ஜினின் பழைய எச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். ஆதர்ன் நிறுவனத்தின் நீலப் பெட்டித் தயாரிப்பு, பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வேயின் பச்சை நிறம். ஓடுகிறது, ஆனால் கரகரவென்று இரைகிறது, பார்க்கவும் பொம்மை போலவே இருக்கிறது. ஒலி தரும் டீகோடர் (டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டின் கட்டளைப்படி இன்ஜினை இயக்கும் சிறு மின்பலகை) ஒன்றையும் நிறைய நுண்பாகங்களையும் இணையக் கடைகளில் பார்த்து வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்? (வாசகர், சென்னை)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு புகைப்படம் தேடுங்கள். எஸ்டி40-2 பொதுவாக எப்படி இருக்கும் என்று காட்டும் படம் பயன்படாது. குறிப்பிட்ட எண்ணுள்ள ஓர் இன்ஜின், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் எடுத்த படம் வேண்டும். இரண்டு பக்கங்களும் கூரையும் தெரிந்தால் இன்னும் நல்லது.

இஎம்டி என்ற அமெரிக்க நிறுவனம் 1972 முதல் இந்த வகையில் 4,000-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் இன்ஜின்களைத் தயாரித்தது. வாங்கிய ஒவ்வொரு ரயில்வேயும் தனக்கு வேண்டியதைச் சொல்லிச் செய்வித்தது. சதர்ன், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ஆகிய இரண்டும் மூக்குப் பகுதியை (ஓட்டுநர் அறைக்கு முன்னால் இருக்கும் குட்டைக் கூட்டை) உயரமாகக் கேட்டு வாங்கின. நீண்ட ஹூட் (எஞ்சினை மூடும் கூடு) இருக்கும் பக்கத்தையே முன்பக்கமாக வைத்தும் ஓட்டின. உங்கள் பர்லிங்டன் நார்தர்னுக்குத் தாழ்ந்த மூக்கு. ஹாரன் எந்த வகை, அது கூரையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, சுழல்விளக்கு உண்டா, பனி தள்ளும் தகடு இருக்கிறதா என்பதெல்லாம் ரயில்வேக்கு ரயில்வே, ஆண்டுக்கு ஆண்டு மாறும். முன்பக்கத்தில் தாழ்வாக எரியும் இரட்டை டிச் லைட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் அத்தகைய துணை விளக்குகள் 1997 முடிவுக்குள் கட்டாயமாயின. பர்லிங்டன் நார்தர்ன் அதற்கு முன்பே, 1995-இல், சான்டா ஃபேயுடன் இணைந்துவிட்டது. 1980-ஐ ஒட்டிய பச்சை இன்ஜினில் அழகுக்காக டிச் லைட் பொருத்தினால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். படம் கையில் இருந்தால் நீங்கள் பார்த்துவைத்த பாகங்களில் பாதி தேவையில்லை என்று புரிந்துவிடும்.

அடுத்தது ஓட்டம். தத்தித் தத்தி ஓடும் இன்ஜினில் எத்தனை நுண்வேலை செய்தாலும் அது பொம்மைதான். மேற்கூட்டைக் கழற்றி, போகிகளை (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்களை) பிரித்து, பல்சக்கரங்களில் மெழுகுபோல் இறுகிப்போன பழைய கிரீஸை முழுதும் துடைத்தெடுங்கள். பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெய் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தையல் இயந்திர எண்ணெய் எல்லாம் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் என்று நம்பாதீர்கள். பல்சக்கரங்களுக்கு லாபெல் 102, மோட்டார் தாங்கிகளுக்கு 108 என்பது இத்துறையில் பலரும் கைக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு சொட்டு போதும். அதிகம் விட்டால் வழிந்து சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் வந்து மின்சாரத்தைத் தடுக்கும். பிறகு முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். இரைச்சலில் கணிசமான பங்கு இதிலேயே அடங்கிவிடும். மிச்சமிருப்பது பெரும்பாலும் வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) தண்டு முன்பின் ஆடுவதால் வருவது. மெல்லிய வாஷர் போட்டு அந்த ஆட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் இறுக்கிவிடாதீர்கள்.

சக்கரங்களையும் அப்போதே பாருங்கள். பழைய நீலப் பெட்டி இன்ஜின்களின் சாம்பல் நிறச் சக்கரங்கள் உலோகத் தூளை அழுத்திச் செய்தவை. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். விளக்கு மினுக்குவதும் ஒலி அறுபடுவதும் பெரும்பாலும் இதனால்தான். நிக்கல் சில்வர் சக்கரங்களாக மாற்றிக்கொள்வது இந்த இன்ஜினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு. அசல் இன்ஜினின் 40 அங்குலச் சக்கரம் எச்ஓ அளவில் 11.7 மில்லிமீட்டர் வரும். அகலம் குறைந்த 'கோட் 88' சக்கரங்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வழக்கமான 'கோட் 110' சக்கரத்தின் அகலத்தை அசலுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம் வருகிறது. அசலில் அது ஐந்தரை அங்குலம்தான். கணக்கு சரி. ஆனால் இன்ஜினில் போகியின் பக்கச்சட்டம் சக்கரத்தை மறைத்துவிடுகிறது. அந்தப் பணத்தைச் சரக்குப் பெட்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தவிர்த்துவிட்டு எந்த டீகோடரையும் தொடாதீர்கள். இந்த வகை இன்ஜின்களில் மோட்டாரின் கீழ்ப்பக்க பிரஷ் கிளிப் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் கரித்துண்டைப் பிடித்திருக்கும் தகடு), உலோகச் சேசிஸை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் போகி வழியாகச் சேசிஸுக்கு வந்து, அங்கிருந்து மோட்டாருக்குப் போகிறது. சாதாரண டிசி ஓட்டத்துக்கு இது குறையில்லாத ஏற்பாடு. டிசிசி டீகோடர் பொருத்தினால் தண்டவாள மின்சாரம் நேராக மோட்டாருக்குள் புகுந்து டீகோடரை எரித்துவிடும். எனவே மோட்டாரைக் கழற்றி, அந்தக் கிளிப்பின் நீட்டிய முனைகளை வெட்டி மட்டப்படுத்தி, அதில் ஒரு கம்பியைப் பற்றவையுங்கள். மோட்டார் உட்காரும் இடம் முழுதும் மின்சாரம் கடத்தாத கப்டான் டேப் ஒட்டுங்கள். மேலே நீளமாக ஓடும் உலோகப் பட்டையை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வளையக்கூடிய மெல்லிய ஒயர் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரால் மோட்டாரின் இரு முனைகளையும் சேசிஸோடு சோதியுங்கள். துளிக்கூடத் தொடர்பு காட்டக் கூடாது.

இன்னொரு சோதனை: 12 வோல்ட் கொடுத்து, மோட்டார் தண்டை ஓரிரு நொடிகள் மட்டும் சுழலவிடாமல் பிடித்து, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். எச்ஓ டீகோடர்களில் பல 1 ஆம்பியருக்கானவை. பழைய மோட்டார் அதைத் தாண்டினால் மோட்டாரையே மாற்றுவது நல்லது.

டீகோடர் வாங்கும் வரை இன்ஜின் சும்மா கிடக்க வேண்டியதில்லை. எட்டு முனை சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு என்று ஒயர்களை இணைத்துவிடுங்கள். 1-ஆம் முனையை 8-உடனும், 4-ஆம் முனையை 5-உடனும் சேர்க்கும் ஒரு போலி பிளக்கைச் செருகினால் இன்ஜின் பழையபடி டிசியில் ஓடும்.

இனித்தான் தோற்றம். எஸ்டி40-2-இன் அடையாளமே அதன் இரு முனைகளிலும் திண்ணை போல் நீண்டு கிடக்கும் வெற்றுத் தளம். நீளமான சட்டத்தின் மேல் அதைவிடக் குட்டையான ஹூட்டை வைத்ததால் வந்தது அது. அசலின் நீளம், இரு முனைகளின் இணைப்புக் கொக்கிகளையும் சேர்த்து, 68 அடி 10 அங்குலம். எச்ஓ அளவில் அந்த நீளம் 241 மில்லிமீட்டர். மற்ற இன்ஜின்களில் ஹூட் மறைத்துவிடும் சங்கதிகள் எல்லாம் இங்கே வெட்டவெளியில் நிற்கின்றன. ஆகவே உழைப்பில் பெரும்பங்கை இந்த இரண்டு முனைகளுக்குக் கொடுங்கள் என்பேன். கூரையில் பத்து நுண்பாகங்கள் ஒட்டுவதைவிட முனையில் மூன்றைச் சரியாகச் செய்வது அதிகம் தெரியும்.

முதலாவது கப்ளர், அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கி. கேடி நிறுவனத்தின் 5-ஆம் எண் கப்ளர் எல்லோரும் போடுவது. கேடி 58-இன் தலை அசலின் அளவுக்கு நெருக்கமானது, இங்கே அதையே எடுங்கள். தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளரின் மையம் ஏறக்குறைய 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; கேடி 205 அளவுகோல் இருந்தால் ஒரு நிமிட வேலை. காந்தத்தால் கழற்றும் வழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் கப்ளருக்குக் கீழே வளைந்து தொங்கும் கம்பியை வெட்டிவிட்டு, அசலில் இருப்பதுபோல் பிரேக் ஹோஸைப் பொருத்துங்கள். பம்பர் தகட்டின் இரு பக்கங்களிலும் கொத்தாகத் தொங்கும் ஹோஸ்கள், கப்ளரைத் திறக்கும் நெம்புகோல் கம்பி: இரண்டாவது வேலை இது.

மூன்றாவது கைப்பிடிகள். மூக்கிலும் ஏணிப்படியிலும் அச்சில் வார்த்த தடிப்பான கைப்பிடிகளைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, கம்பியால் செய்தவற்றைப் பொருத்துங்கள். 18 அங்குலக் கைப்பிடி எச்ஓவில் 5.2 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் கம்பி அசலின் ஓர் அங்குலத் தடிமனுக்குச் சமம். கடையில் கிடைக்கும் கிட்டார் கம்பியில் மெல்லியது ஏறக்குறைய இதே தடிமன்தான், ஆனால் அது எஃகு. வளைத்த இடத்தில் நிற்காது, உங்கள் நல்ல கட்டரின் வாயையும் கெடுக்கும். பித்தளைக் கம்பி வாங்குங்கள். துளைக்கு 0.35 மில்லிமீட்டர் டிரில். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துளையிட விற்கும் கார்பைடு டிரில்கள் கையால் திருகும்போது சட்டென்று ஒடியும். சாதாரண எஃகு டிரில்லும் கையால் சுழற்றும் பின் வைஸும் போதும். துளைக்கு முன் ஊசியால் ஒரு சிறு பள்ளம் வைத்துக்கொண்டால் டிரில் வழுக்காது.

நடைபாதை ஓரத்தின் நீளக் கைப்பிடிக் கம்பிகள் எஃகு. சென்னைக் கடற்காற்றில் துரு ஏறும். கழற்றி, வினிகரில் ஊறவைத்துக் கழுவி, பிரைமர் அடித்த பிறகே நிறம் பூசுங்கள். வாங்கிய பிளாஸ்டிக் கம்பித் தொகுதிகள் பெரும்பாலும் அசிட்டல் வகை. சாதாரண பெயிண்ட் அதில் பிடிக்காமல் உரியும், அதற்கென்ற பிரைமர் வேண்டும்.

விளக்குக்கு வெதுவெதுப்பான மஞ்சள் சாயல் கொண்ட எல்இடி. நீலமான வெள்ளை எல்இடி அந்தக் காலத்து இன்ஜினில் சகிக்காது. டிசிசியில் ஒவ்வொன்றுக்கும் 1,000 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பத்து மில்லிஆம்பியர் அளவில் ஓடும். இன்னும் மங்கலாக வேண்டுமென்றால் கூட்டுங்கள். தடித்த ஜன்னல் பிளாஸ்டிக்கை மெல்லிய தகடாக மாற்றுங்கள். ஓட்டுநர் பொம்மை வைப்பதானால் வலப்பக்கம். அமெரிக்க இன்ஜின்களில் ஓட்டுநர் இருக்கை அங்கேதான்.

அழுக்கேற்றும் வேலைதான் பலர் ஆர்வமாகத் தொடங்கி அளவில்லாமல் போவது. இன்ஜின் முழுவதும் ஒரே சீராகத் துருநிறம் பூசினால் குழியில் கிடந்து எடுத்ததுபோலத்தான் இருக்கும். அழுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. டர்போ புகைபோக்கியைச் சுற்றிக் கூரையில் கரி. எரிபொருள் நிரப்பும் வாயிலிருந்து தொட்டியின் மேல் ஈரப் பளபளப்புடன் கருங்கோடு. மணல் நிரப்பும் மூடிகளுக்குக் கீழே வெளிறிய மணல் தூசி. போகிகளில் பிரேக் கட்டை உதிர்த்த பழுப்பு. சக்கரத்தின் ஓடும் முகம் மட்டும் எப்போதும் வெள்ளி. அசலைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். நம் டபிள்யூடிஜி-4 இன்ஜினும் இஎம்டி வடிவமைத்ததுதான். அடுத்த முறை ஒன்று பிளாட்பாரத்தில் நிற்கும்போது எந்த அழுக்கு எங்கிருந்து வழிகிறது என்று கவனியுங்கள்.

நிறத்தில் தூய கறுப்பும் தூய வெள்ளையும் வேண்டாம். சிறிய மாதிரியை நாம் எப்போதும் தூரத்திலிருந்து பார்ப்பதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் கறுப்பைச் சாம்பலாகவும், பச்சையைச் சிறிது வெளிறியதாகவும் ஆக்கினால்தான் நம்பும்படி இருக்கும். எண் மாற்றுவதாக இருந்தால் அந்த இடத்தில் முதலில் பளபளப்புப் பூச்சு, பிறகு டெக்கால் (நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்), அதன் மேல் மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவம். அது காய்ந்த பிறகே மேட் பூச்சு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இந்தியன் இங்க் கலந்த மெல்லிய கரைசலை மேட் பூச்சுக்கு முன்பு ஓட்டுங்கள். டல்கோட் என்ற லாக்கர் வகை மேட் பூச்சு அடித்த பிறகு ஆல்கஹால் பட்டால் வெண்மை பூத்துவிடும். அடிக்கும் நேரமும் முக்கியம்: மழைக்கால ஈரக்காற்றில் லாக்கர் ஸ்பிரே பால்போல் மங்கும். சென்னையில் காற்று ஓரளவாவது உலர்ந்திருப்பது நண்பகலுக்குப் பிறகுதான். நாள் சரியில்லையென்றால் தண்ணீர் கலக்கும் மேட் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள்.

ஒலிக்கு இப்போது வரலாம். டர்போ பொருத்திய 16 சிலிண்டர் 645 எஞ்சினின் பதிவு உள்ள டீகோடரையே கேட்டு வாங்குங்கள். 'இஎம்டி டீசல்' என்று மட்டும் எழுதியிருந்தால் டர்போ இல்லாத ஒலியாகவும் இருக்கலாம். ஸ்பீக்கரைச் சிறு பெட்டிக்குள் வைத்து, ஓரங்களைக் காற்று புகாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஓர் இடுக்கு விட்டால்கூட எஞ்சினின் ஆழ்ந்த உறுமல் போய் வானொலி இரைச்சல்தான் மிஞ்சும். ஒலியளவைத் தொழிற்சாலை வைத்த அளவிலிருந்து பாதிக்குக் கீழே இறக்குங்கள். வீட்டிலுள்ளவர்களும் அதையே கேட்பார்கள்.