பழைய சீட்டுக்கு ஏன் மாத்திரை தர மறுக்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. பதற்றத்துக்காக இரவில் அல்பிரசோலம் 0.25 மி.கி. பல வருடமாகப் போடுகிறார். தெருமுனை மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டினாலே தருவார்கள். இப்போது வந்திருக்கும் மருந்தாளுநர் புதுச் சீட்டு கேட்கிறார், நோட்டில் பெயர் விவரமும் எழுதுகிறார். அதே கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சீட்டில்லாமலே போகிறது. இது என்ன நியாயம்?

பதில்: முதலில் வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வருடக்கணக்கில் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், பதற்றம் முன்பைவிட அதிகமாகும். சிலருக்கு வலிப்பே வரும். அதனால் இருப்பு தீரும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தொலைபேசியில் பேசிச் சீட்டு வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளை அப்படி எழுதக் கூடாது என்கிறது. அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சரி, மருந்தாளுநர் விஷயத்துக்கு வருவோம். அவர் செய்வது சரிதான். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் மருந்து விதிகளில் ஷெட்யூல் எச்1 என்ற பட்டியலைச் சேர்த்தது. 2014 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸெபாம், டிரமடால், காசநோய் மருந்துகள், செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அதில் உண்டு. மாத்திரை அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தப் பட்டியலுக்கான அடையாளம். இவற்றை விற்றால் மருத்துவர் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் கேட்பது அந்த நோட்டைத்தான். உங்கள் அப்பாவைச் சந்தேகப்பட்டு யாரும் எழுதவில்லை.

பழைய சீட்டு ஏன் செல்லாது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விதி 65-இன்படி, இந்த வகை மருந்துக்கு எழுதிய சீட்டுக்கு ஒரே ஒருமுறைதான் மருந்து தரலாம். மறுபடியும் தரலாம் என்று மருத்துவரே அதில் எழுதியிருந்தால் மட்டுமே அடுத்த முறை. உங்களுக்கு வழியும் இதிலேயே இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம், ‘மாதத்துக்கு 30 மாத்திரை, இன்னும் இரண்டு மாதம் வாங்கலாம்’ என்பதுபோல எண்ணிக்கையும் இடைவெளியும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி, கையெழுத்து, அப்பாவின் பெயர், முகவரி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை எழுதுவது என்பது மருத்துவரின் முடிவு, ஆனால் நாம் கேட்டால்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடைக்காரர் தன் கடைப் பெயரையும் தேதியையும் அதே சீட்டில் குறித்துத் தர வேண்டும்.

அசித்ரோமைசின் பற்றிய உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. அது எச்1-இல் இல்லை, சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பழைய பட்டியலான ஷெட்யூல் எச்-இல் இருக்கிறது. அதனால் தனிப் பதிவேடு கிடையாது, அவ்வளவுதான். சீட்டில்லாமல் விற்பது அதற்கும் விதிமீறல்தான். நோட்டு இருக்கும் இடத்தில் கடை விதியைப் பார்க்கிறது, நோட்டு இல்லாத இடத்தில் கண்டுகொள்வதில்லை. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக்கை அள்ளி விழுங்கி, நிஜமாகத் தேவைப்படும்போது அது கேட்காமல் போகும் நிலைக்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம். உங்கள் வீட்டிலாவது அப்படி வாங்காதீர்கள்.

இன்னொன்று. மருத்துவரைப் பார்க்கும்போது, இந்த மாத்திரை அப்பாவுக்கு இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். இந்த வயதில் அல்பிரசோலத்தால் தள்ளாட்டம், ராத்திரி எழும்போது விழுவது, ஞாபகக் குழப்பம் எல்லாம் வரலாம். குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.