ஒரு ராத்திரி கரண்ட் போனால் ஆமைக் குஞ்சு எல்லாம் ஆணாகிவிடுமா?

வாசகர் கேள்வி: ஆறு வருடமாக ஒரு ஜோடி ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைகளை வளர்க்கிறேன். பெண் ஆமை முதல்முறையாக மண்ணைத் தோண்டி ஒன்பது முட்டை இட்டது. எடுத்து முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியில் 28 டிகிரி செல்சியஸில் வைத்தேன். பதினாறாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்தால் 22 டிகிரி. பெட்டி விற்றவரைக் கேட்டதற்கு, "எல்லாம் ஆணாகியிருக்கும், நாலு நாள் 33-ல் வையுங்கள், திரும்பப் பெண்ணாகிவிடும்" என்கிறார். மென்னோட்டு ஆமை முட்டை நாலு தருவதாகவும், அதே சூட்டில் வைத்தால் அதுவும் பெண்ணாகப் பொரியும், நல்ல விலைக்குப் போகும் என்றும் சொல்கிறார். முட்டைகள் உயிரோடு இருக்குமா? அவர் சொல்வது போல் செய்யலாமா?

பதில்: முதலில் 33-ல் வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். இதைப் படிப்பதற்குள் வைத்திருந்தால், உடனே 28-க்கு இறக்குங்கள். முட்டைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆமை முட்டை மண்ணுக்குள் பகல் வெயிலையும் ராத்திரிக் குளிரையும் மாறி மாறித் தாங்கிப் பொரிகிற முட்டை. ஒரு ராத்திரி 22 டிகிரி அதற்குப் புதிதல்ல. கருவின் வளர்ச்சி அந்த நேரத்தில் மெதுவாகியிருக்கும், அவ்வளவுதான். பொரிப்பது அரை நாள், ஒரு நாள் தள்ளிப்போகலாம்.

சந்தேகம் இருந்தால் இருட்டறையில் ஒரு சின்ன டார்ச்சை முட்டைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முட்டையைத் தூக்கவோ புரட்டவோ வேண்டாம். பதினாறு நாள் ஆன முட்டையில் ரத்தக்குழாய்கள் மெல்லிய சிவப்பு வேர் போலப் பரவித் தெரியும். முட்டையின் மேல்பக்கம் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு விழுந்து, அது பட்டையாக விரிந்துகொண்டு வருவதும் நல்ல அடையாளம். அந்த இடத்தில்தான் கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழி முட்டையைத் திருப்பி வைப்பது போல இதைத் திருப்பினால் கரு செத்துப்போகலாம். மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், கை தவறினாலும் எது மேல் என்று தெரியும்.

இனி ஆணா பெண்ணா என்ற விஷயம். ஸ்லைடரில் தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ வரும் குரோமோசோம் பாலைத் தீர்மானிப்பதில்லை. முட்டை இருக்கும் சூடுதான் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் தொடர்ந்து வைத்தால் எல்லாம் ஆண். 31-ல் எல்லாம் பெண். 29-ஐ ஒட்டிய இடத்தில் பாதிக்குப் பாதி. ஊர்வனவற்றில் இப்படி நடக்கிறது என்பதை 1966-ல் மேடலின் ஷார்னியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு ஓணான் இனத்தில் முதலில் எழுதினார். ஆமைகளில் அதற்குப் பிறகுதான் கண்டார்கள். உள்ளே நடப்பது சுருக்கமாக இதுதான்: ஆரம்பத்தில் கருவின் பாலுறுப்பு இரண்டு பக்கமும் போகக்கூடிய ஒரு சின்ன மேடு. குளிர்ந்த பக்கத்தில் இருந்தால் ஒரு மரபணு விழித்துக்கொண்டு அதை விந்தகமாக்குகிறது. சூடான பக்கத்தில் அது அடங்கிப்போய், ஈஸ்ட்ரோஜன் சுரந்து சூலகமாகிறது. அந்த மரபணு கேடிஎம்6பி என்பதை இதே ஸ்லைடர் முட்டைகளில் 2018-ல் காட்டினார்கள்.

ஆனால் இந்த முடிவு எல்லா நாளும் நடப்பதில்லை. மொத்த வளர்ச்சியை மூன்றாகப் பிரித்தால், நடுப்பகுதியில்தான் கரு சூட்டுக்குக் காது கொடுக்கிறது. 28, 29 டிகிரியில் அறுபது நாள் ஆகும் என்று வைத்தால் தோராயமாக இருபதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள் வரை. உங்கள் முட்டைகள் பதினாறாம் நாளில் இருந்தன. முடிவு எடுக்கும் வாசலுக்கே அவை வந்திருக்காது.

வாசலுக்குள் வந்திருந்தாலும் ஒரு குளிர்ந்த ராத்திரி பெரிதாக எதையும் மாற்றாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். முட்டை மணிக்கணக்கு பார்ப்பதில்லை, எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்குதான் பார்க்கிறது. 32 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் வளர்ச்சி, 22-ல் நடப்பதைவிடப் பல மடங்கு. அதனால் சூடான மணிகளுக்கு எடை அதிகம், குளிர்ந்த மணிகளுக்கு எடை குறைவு. பகலில் 33, ராத்திரியில் 25, சராசரி 29, ஆகவே பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் தப்பாகப் போவது இதனால்தான். அந்த முட்டைகள் பெண் பக்கமே சாயும்.

விற்றவர் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. நடுப்பகுதியில் சில நாள் தொடர்ந்து சூடு கொடுத்தால் கணிசமான கருக்கள் பெண்ணாகலாம். ஆனால் "ஆணாகிவிட்டதைத் திரும்பப் பெண்ணாக்குவது" என்று ஒன்று கிடையாது. முடிவான பிறகு என்ன சூடு கொடுத்தாலும் திரும்பாது. முடிவாகாதபோது திருப்புவதற்கே ஒன்றும் இல்லை. அதற்கு 33 எதற்கு? பெண்தான் வேண்டுமென்றால் 31-லேயே வருகிறது. 33, 34 என்று போனால் முட்டைக்குள்ளேயே சாவது கூடும். பொரிந்தாலும் முதுகோட்டில் தகடுகள் கூடுதலாகவோ கோணலாகவோ அமையலாம். அப்படிப்பட்ட குஞ்சுகளை நிறையப் பார்த்துவிட்டேன். "அபூர்வ வகை" என்று அதையும் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கரண்ட் போனது அல்ல. "28-ல் வைத்தேன்" என்கிறீர்கள். எங்கே பார்த்த 28? பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண் என்றால், அது பெரும்பாலும் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் உணரியின் எண். முட்டை இருப்பது அடியில். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு டிகிரி வித்தியாசம் சாதாரணம். மேலே 28 என்றால் முட்டைக்குப் பக்கத்தில் 26 ஆக இருக்கலாம். அப்படியானால் கரண்ட் போகாவிட்டாலும் ஒன்பதும் ஆண்தான். இந்த ஒரு வித்தியாசம் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். கம்பி முனையுள்ள ஒரு தெர்மாமீட்டரை வாங்கி, நொறுக்கிய ஐஸ் நிறைய, தண்ணீர் கொஞ்சம் விட்ட கிளாஸில் முனையை அமிழ்த்தி நன்றாகக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் 0 காட்ட வேண்டும். 1.2 காட்டினால் அது எப்போதும் 1.2 கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த முனையை முட்டைகளுக்கு நடுவே, வெர்மிகுலைட்டில் (முட்டைகளை வைக்கும், ஈரம் பிடித்து வைக்கிற கனிமத் துகள்) முட்டையின் பாதி உயரத்துக்குப் புதைத்து வையுங்கள். காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் உதவாது, இவ்வளவு குறைந்த சூட்டை அது அளக்காது. பெட்டிக்குள் காலியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்குங்கள். அடுத்த முறை கரண்ட் போனால் அந்தத் தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் விடும், முட்டை ஒரே ராத்திரியில் 22-க்கு இறங்காது. ஆணும் பெண்ணும் கலந்து வேண்டுமானால், முட்டைக்குப் பக்கத்தில் 29 நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து அந்த மென்னோட்டு ஆமை முட்டைகள். வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். ஸ்லைடருக்குச் சொன்ன கதை மென்னோட்டு ஆமைக்குப் பொருந்தவே பொருந்தாது. அவற்றில் பறவைகளைப் போலக் குரோமோசோம்தான் பாலைத் தீர்மானிக்கிறது. ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ. தாயின் கருமுட்டையில் எது இறங்கியதோ அதுதான். முட்டை இடும்போதே விஷயம் முடிந்துவிட்டது. 25-ல் வைத்தாலும் 31-ல் வைத்தாலும் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண்தான் வரும். சூடு அங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் வேறு வேலை: சீக்கிரம் பொரிக்கிறது, அளவு தாண்டினால் கொல்கிறது. பாலை அது தொடுவதில்லை. ஆகவே "சூட்டில் வைத்துப் பெண்ணாக்கிய மென்னோட்டுக் குஞ்சு" என்று ஒருவர் விற்றால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். இனத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். பல இனங்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை, அந்த முட்டைகள் ஆற்றங்கரையில் தோண்டி எடுத்தவையாகவும் இருக்கலாம்.

ஸ்லைடர் குஞ்சிலும் இதே வியாபாரம் நடக்கிறது. பொரிந்த குஞ்சை வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணுக்கு முன்காலில் நீண்ட நகமும் தடித்த வாலும் வருவதற்கு அடிவயிற்றுப் பக்கத்து ஓடு பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளர வேண்டும், சில வருடங்கள் ஆகும். நாணயம் அளவு குஞ்சின் வாலைத் தூக்கிக் காட்டி "உறுதியான பெண்" என்பவரிடம், எந்தச் சூட்டில், எந்தத் தெர்மாமீட்டரில், எந்தெந்த நாள் என்ற குறிப்பைக் கேளுங்கள். இருக்காது.

இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அனுமதிக்காக நான் நிரப்பிய படிவங்களில் எத்தனை ஆமை, எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். எந்தச் சூட்டில் பொரித்தது என்று ஒரு கட்டம்கூட இல்லை. முட்டைகளைச் சேகரித்துப் பொரித்து ஆற்றில் விடும் திட்டங்களிலும் எத்தனை குஞ்சு விட்டோம் என்ற எண்ணுக்குத்தான் கைதட்டல். அத்தனையும் ஆணாக இருந்தால் என்ன பயன்? கடலாமை முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துப் பொரித்தால் குளிர்ந்துபோய் ஆண்களே அதிகமாகலாம் என்று மிரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற ஆய்வாளர்கள் 1980-லேயே எழுதி எச்சரித்தார்கள். அந்தப் பெட்டியைப் போன்ற பெட்டிதான் இன்றும் வீட்டு வளர்ப்புக்கு விற்கப்படுகிறது. அதன்மேல் இந்த எச்சரிக்கையை ஒரு வரி அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தாய் ஆமையையும் மறந்துவிடாதீர்கள். அடுத்ததாக யாராவது, தண்ணீர் ஹீட்டரை 30-க்கு ஏற்றினால் முட்டை அதிகம் வரும் என்பார்கள். தண்ணீர் 25, 26 போதும். ஏறி உட்கார்ந்து காய்கிற இடம் 30, 32 இருக்கட்டும், எப்போது சூடு வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். ஸ்லைடர் பருவங்கள் மாறும் ஊரிலிருந்து வந்த இனம். ஆணின் விந்து கோடையில் உருவாகி, குளிர்காலம் முழுக்கச் சேமிப்பில் இருந்து, பிறகு பயன்படுகிறது. வருடம் பூராவும் ஒரே வெக்கையில் வைப்பது அந்த ஒழுங்கைக் கலைக்கும். ஆழமான ஈர மண்ணை எப்போதும் போட்டு வையுங்கள். இடம் பிடிக்காத பெண் முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து. பெண் தன் உடலில் சேமித்து வைத்த விந்தைக் கொண்டே முட்டையைக் கருவுறச் செய்யவும் முடியும் என்பதால், ஆணைப் பிரித்து வைத்தாலும் அடுத்த பருவத்தில் கருவுள்ள முட்டை வரலாம்.

நாற்பதாம் நாளைத் தாண்டிவிட்டால் ஆண், பெண் கவலையை விட்டுவிட்டு ஈரத்தை மட்டும் பாருங்கள். முட்டையில் குழி விழுந்தால் வெர்மிகுலைட்டில் ஓரமாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், முட்டைமேல் படக்கூடாது. அறுபதாம் நாளை ஒட்டி ஒரு முட்டையில் சின்னக் கீறல் தெரியும், அதில் மூக்கு நுனி எட்டிப்பார்க்கும். அப்படியே ஒன்று, இரண்டு நாள் உட்கார்ந்திருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஓட்டைப் பிய்த்துவிடாதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.